இருபத்தெட்டு என்று எழுதிக் கொடுத்தாய்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லித் தீர்க்க வேண்டும். நேரில் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். நான் வாயைத் திறந்ததும் நீ, "விடுங்கம்மா, பழைய கத," என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை உன் நாலு சக்கர ஏடிவி வண்டியின் சீட்டுக்கு அடியில் வைக்கப் போகிறேன். அலமாரியில் வைத்தால் உனக்குப் பேரன் பிறக்கும்வரை கண்ணில் படாது. அந்தச் சீட்டை மட்டும் நீ தினமும் ஒருமுறையாவது தூக்கிப் பார்க்காமல் இருந்ததில்லை.

விஷயம் அந்தக் கார்புரேட்டர்தான். முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி.

உனக்கு நான் எதையும் உன் அளவில் வாங்கியதில்லை. பள்ளியில் முதலாம் ஆண்டில் போட்ட வெள்ளைச் சப்பாத்து இரண்டு அளவு பெரியது. முன்னால் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து அனுப்பினேன். உன் அப்பா தவறிப்போன வருஷம் அது. வளர்கிற பிள்ளை, பெரிதாக வாங்கினால் நாலு நாள் கூட வரும் என்பது என் எண்ணம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக ஓடி வந்துகொண்டிருந்தவன், முடிவுக் கயிற்றுக்குப் பத்தடி இருக்கும்போது குப்புற விழுந்தாய். ஓடி வந்து தூக்கினேன். முழங்கால் கிழிந்திருந்தது. டீச்சர் என்னடா ஆச்சு என்று கேட்டபோது நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கால் தடுக்கிருச்சி டீச்சர்," என்றாய். சப்பாத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு வயது உனக்கு. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுத்த வருஷமும் பெரிய சப்பாத்துதான் வாங்கினேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், உன் அம்மா பிழைப்பதே அளவு பார்த்துத்தான். பத்து பெரண்டாம் ஊரில் இருக்கிற ஃபேக்டரியில், தரம் பார்க்கிற க்யூசி பிரிவில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, முடியளவு வித்தியாசம் இருந்தால்கூட ரிஜெக்ட் தட்டில் தூக்கிப் போடுவேன். புதிதாக வந்த பெண்கள், "அக்கா ரொம்ப கண்டிப்பு லா," என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அந்தக் கண்டிப்பு எல்லாம் ஃபேக்டரி கேட்டோடு சரி. வீட்டுக்கு வந்தால் சட்டை, சட்டி, பாய், தலையணை உறை எல்லாமே ஒரு சுற்றுப் பெரியது. அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறேன். இத்தனை வருஷத்தில் நான் ரிஜெக்ட் செய்யாமல் விட்ட பெரிய பிழை ஃபேக்டரியில் நடக்கவில்லை, நம் வீட்டில் நடந்தது.

அந்த ஏடிவியை நீ கொண்டுவந்த நாளை மறக்க முடியுமா? சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சேற்றில் ஓட்டிக் காட்டுகிற யாரோ தொழிலை மூடிவிட்டுப் போட்டுவிட்டுப் போன இரும்பு. டூ ஸ்ட்ரோக், இருநூறு சிசி. "இது ஓடுமாடா?" என்று கேட்டேன். "ஓடாதும்மா, ஓட வைக்கணும்," என்றாய். வேலை முடிந்து வந்து வந்து எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினாய். சிலிண்டரின் துவாரங்களைப் பெரிதாக்கினாய், புகைக்குழாயை மாற்றினாய், காற்று வருகிற வழியில் ரீட் தகட்டை மாற்றினாய், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் போட்டாய். வீடு முழுக்க டூ டீ என்ஜின் எண்ணெய் வாசனை. சாமி விளக்கில் ஊற்றியதுகூட அந்த எண்ணெயோ என்று ஒரு நாள் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நான் திட்டினேன். ஆனாலும் நீ அதன் பக்கத்தில் குந்தியிருக்கும்போது உன் முகத்தில் இருந்த நிம்மதியைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அப்போதுதான் கோயில் விஷயம் வந்தது. நம் பழைய எஸ்டேட் அம்மன் கோயில் ரதத்தை அதுவரை எஸ்டேட் டிராக்டர்தான் இழுக்கும். நிலம் கை மாறியதும் டிராக்டர் வராது என்று சொல்லிவிட்டார்கள். கோயில் கூட்டத்தில் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நீ எழுந்து, "நான் இழுக்கிறேன் தலைவரே," என்றாய். கோயில் தலைவரின் மகள் தர்ஷினியை உனக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பிள்ளை மாப்பிள்ளை முறுக்கில் எழுந்துவிட்டான் என்று எனக்குச் சிரிப்பு. ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. "பொறுப்பா செய்வியா தம்பி?" என்று கேட்டார். செய்வேன் என்றாய்.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற பழைய கார்புரேட்டரில் விரிசல் விழுந்திருந்தது. புதிது வேண்டும். நான் மலாக்கா டவுனுக்குப் போகிற நாள் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் 28 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்தாய். "எதுக்குடா ரெண்டு கோடு?" என்றதற்கு, "உங்கள தெரியும்மா," என்றாய். என்னைத் தெரிந்தும் என்னிடம் கொடுத்தாயே, அதுதான் நீ.

கடையில் அந்தச் சீன அங்கிள் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றின் வாய் இருபத்தெட்டு மில்லிமீட்டர், இன்னொன்று முப்பத்துநாலு. இருபத்தெட்டு பார்க்கக் குழந்தைக் கைபோல இருந்தது. முப்பத்துநாலு நல்ல வாட்டசாட்டம், வாயும் அகலம். "பெசார் பாகுஸ் கான்?" பெரிசு நல்லதுதானே என்று கேட்டேன். "பெசார், லாஜு லா," வேகமாகப் போகும் என்றார் அவர். பொய் சொல்லவில்லை. எங்கே, எதற்கு என்று நானும் சொல்லவில்லை. இத்தனை வேலை பார்த்திருக்கிறான், ரதம் வேறு இழுக்கப் போகிறான், பாவம் பிள்ளை தெரியாமல் சின்னதாக எழுதிவிட்டான், அம்மா கொஞ்சம் பெரிதாக வாங்கிக் கொடுப்போம் என்று முப்பத்துநாலைச் சொந்தக் காசில் வாங்கி வந்தேன். திருவிழாவுக்கு மூன்று நாள் இருந்தது. பெட்டியைத் திறந்தாய். எண்ணைப் பார்த்தாய். பெட்டியை மூடினாய். பிறகு, "நல்லா இருக்கும்மா," என்றாய். பெரிய சப்பாத்தோடு விழுந்த அன்றைய முகம் அப்படியே வந்து போனது. நான் பார்த்தேன். பார்த்தும் தோசை ஊற்றப் போய்விட்டேன்.

அளவு என்பது எதற்கு என்று நீ எனக்கு அப்புறம் ஒரு நாள் ஐஸ் போட்ட மைலோ பானத்தை வைத்து விளக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? மெல்லிய ஸ்ட்ராவில் லேசாக உறிஞ்சினாலே மேலே வரும், மூங்கில் குழாயைக் கொடுத்தால் கன்னம் ஒட்ட இழுத்தாலும் வராது என்றாய். என்ஜின் மெதுவாக ஓடும்போது அதற்கு மூச்சு குறைவு. வாய் அகலமான கார்புரேட்டரில் காற்று சோம்பலாகப் போகும், பெட்ரோலைச் சரியாக இழுக்காது. இழுத்த பெட்ரோலும் புகையாகப் பிரியாமல் துளித்துளியாக விழும், பிளக் நனையும், என்ஜின் திணறும். வெட்டவெளியில் முழு வேகத்தில் பறக்கிறவனுக்கு முப்பத்துநாலு சரி. "என்ஜின் எவ்வளவு பெரிசுன்னு மட்டும் பாத்தா பத்தாதும்மா. அத வச்சி என்ன வேல செய்யப் போறோம்னு பாக்கணும்," என்றாய். ரதத்தின் வேலை நடக்கிற வேகம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அர்ச்சனைத் தட்டுக்காக நிற்க வேண்டும், மறுபடி அசங்காமல் கிளம்ப வேண்டும். அதற்குத்தான் இருபத்தெட்டு. இத்தனையும் தெரிந்துதான் நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

அன்றைக்கு நான்காவது வீட்டோடு இருமல் ஆரம்பித்தது. ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்போது புகை கக்கியது, கிளம்பும்போது தூக்கிப் போட்டது. தாமான் குடியிருப்பைத் தாண்டி மேடு ஏறுகிற இடத்தில் அப்படியே அமுங்கி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தாய், ஏறினாய், நின்றது. வேறு பிளக் போட்டாய், நின்றது. உறுமி மேளம் ஓய்ந்துவிட்டது. அம்மனை நடு மேட்டில் வைத்துக்கொண்டு ஊரே உன்னைப் பார்த்தது. பட்டு ஜிப்பாவில் கரி, விரலெல்லாம் சூட்டுக் கொப்புளம். கூட்டத்திலிருந்து ஒருவர், "எத்தன கார்பு?" என்று கேட்டார். முப்பத்துநாலு என்றாய். "அடப்பாவி, இதுக்கு யாருடா முப்பத்துநாலு போட்டது?" என்றார். நான் கையில் தட்டோடு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான். என் கணக்கு தப்பு," என்றாய்.

ஆண்கள் வடம் பிடித்து ரதத்தை மேட்டுக்கு ஏற்றினார்கள். தலைவர் மைக்கைப் பிடித்து, "அடுத்த வருஷம் விவரம் தெரிஞ்சவங்க கிட்ட குடுப்போம்," என்றார். ஊர் சிரித்தது. எனக்குத் தொண்டை வரை வந்தது, தம்பி. வாங்கினவள் நான் என்று ஒரு வரி. அவ்வளவுதான். தட்டில் தேங்காய் ஆடாமல் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அடுத்த வாரம் தலைவர் வீட்டிலிருந்து, கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஆள் அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. ஒரு வருஷம். நீயும் அந்தப் பெண்ணும் ஒரு வருஷம் காத்திருந்தது என் வாயால், என் வாய் மூடிக் கிடந்ததால்.

மனசு கேட்காமல் நீ எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி டவுனுக்குப் போனேன். அங்கிள் என்னைப் பார்த்ததுமே சிரித்தார். நான் வாங்கிப் போன மறுநாளே நீ மாற்ற வந்தாயாம். அதற்குள் இருபத்தெட்டு விற்றுப் போயிருந்ததாம். வேண்டாம் என்றால் இதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதற்கு நீ, "தாக்பே லா அங்கிள், மாக் சயா யாங் பெலி," என்றாயாம். பரவாயில்லை, என் அம்மா வாங்கியது என்று. கடை வாசலில் நின்று அழுதேன். அங்கிள் பயந்துபோய் ஸ்டூலைப் போட்டார். உட்கார்ந்து, மூக்கைச் சிந்திவிட்டு, இருபத்தெட்டுக்கு ஆர்டர் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்கு உன் அளவில் ஒரு சாமான் வாங்கினேன்.

நீ அதைப் பொருத்தின அன்றைக்கு முதல் உதையிலேயே பிடித்தது. உள்ளே பெட்ரோலை அளந்து விடுகிற சின்னச் சின்ன ஜெட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தாய். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, குறைந்தால் டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்றாய். கடைசியில் நல்ல பிஸ்கட் நிறம் வந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாய். "க்யூசி பாஸா?" என்றாய். பாஸ் என்றேன். அந்த நேரத்தில்கூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை பார், என்ன அழுத்தம் எனக்கு!

போன வருஷத் திருவிழாவில் ரதத்துக்கு வாடகைப் பிக்கப் வண்டி பிடித்திருந்தார்கள். உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீ பாட்டுக்கு ஏடிவியில் மோர் டிரம்களை ஏற்றிக்கொண்டு ரதத்துக்குப் பின்னாலேயே வந்தாய். நின்றாய், கிளம்பினாய், நின்றாய், கிளம்பினாய். ஒரு தடவைகூட இருமவில்லை. முன்னால் பிக்கப் ஒவ்வொரு வாசலிலும் குதித்துக் கிளம்ப, ரதத்தின் மேலிருந்த ஐயர் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். மேட்டருகில் பிக்கப்பின் கிளட்ச் கருகி நாற்றம் கிளம்பியது. தலைவர் திரும்பி உன்னைப் பார்த்தார். ரொம்ப நேரமாகவே பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். "தம்பி, இத கொஞ்சம் மாட்டு," என்றார். நீ ரதத்தை ஏடிவியில் மாட்டினாய். அம்மன் மேடேறினாள், தொட்டிலில் போகிற பிள்ளை மாதிரி. நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். அம்மனைத்தான் கும்பிட்டேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு தானாக நடந்தது. ஆனால் தலைவர் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "மாப்பிள்ள மொத வருஷம் கோட்ட விட்டாரு, ரெண்டாவது வருஷம் கத்துக்கிட்டாரு," என்று பெருமையாகச் சொல்கிறார். நீயும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாய். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்துகிறது. நீ எதையும் கோட்டை விடவில்லை. முதல் வருஷமே உனக்குத் தெரிந்திருந்தது.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கிழிந்த முழங்காலோடு என் முகத்தைப் பார்த்ததற்கு நன்றி. என் முட்டாள்தனத்தை அன்பு என்று எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஊர் சிரித்தபோது என் பக்கம் திரும்பாததற்கு நன்றி. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாகவே வளர்ந்துகொண்டாய், நான் பெரிய சப்பாத்து மட்டும்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனாலும் அம்மாவாச்சே, ஒரு புத்திமதி இல்லாமல் முடிக்க மாட்டேன். என்னிடம் செய்ததைத் தர்ஷினியிடம் செய்யாதே. அவள் தவறாக ஒன்றை வாங்கி வந்தால், "நல்லா இருக்கு," என்று விழுங்காதே. "நான் கேட்டது இருபத்தெட்டு," என்று சிரித்துக்கொண்டே சொல்லு. அன்றைக்கு நீ எனக்கு அதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன், அவ்வளவுதான். ஒரு வருஷம் மிஞ்சியிருக்கும். அதே மாதிரி வீடோ காரோ எதை வாங்கினாலும், மற்றவர்களுடையது எவ்வளவு பெரிது என்று பார்க்காதே, உங்களுக்கு அதில் என்ன வேலை என்று பார். நானும் திருந்தி வருகிறேன். உன் கல்யாண ஜிப்பா வாங்கப் போனபோது கடைப்பெண் எல் சைஸ்தானே என்றாள். எக்ஸெல் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டு எல் என்றேன்.

நேற்று மத்தியானம் தாம்பாளம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் டுரியான் துங்கால் ஊரில் இருக்கிற தலைவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சீட்டையும் காட்டினேன், இரண்டு கோட்டோடு. தலைவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு வருஷம் தள்ளிப் போட்டேனே அக்கா. மைக்குல வேற பேசிட்டேன்," என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தர்ஷினிக்குத்தான் கோபம். என்மேல் இல்லை. "எங்கிட்டகூட சொல்லல பாருங்க அத்த. இவர் வாய தெறக்க வைக்கிறதுதான் எனக்கு மொத வேல லா," என்றாள். தயாராக இரு.

தலைவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மண்டபத்துல மைக் இருக்கும்ல. அதுலயே நான் சொல்லிடறேன்," என்றார். "நீங்க சொல்லக்கூடாது சம்பந்தி. மைக்க எங்கிட்ட குடுங்க," என்றேன்.

ஆக, தம்பி, ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடித்ததும் உன் அம்மா மைக்கைப் பிடிப்பாள். குரல் எப்படி வரும் என்று தெரியாது. அன்றைக்கு மேட்டில் நின்று சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். என் முந்தானையைப் பிடித்து இழுக்காதே. குறுக்கே வந்து, "என் கணக்கு தப்பு," என்று சொல்லிவிடாதே. அந்தத் தப்பு என்னுடையது. எனக்காக இரண்டு வருஷம் நீ சுமந்துவிட்டாய். போதும், என்னிடம் கொடுத்துவிடு.

அம்மா